காலை மடக்கு!

ஓடினேன். என் இளமையைப் பற்றி யார் கேட்டாலும் இந்த ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். கேட்டவர் எழுந்து போகாவிட்டால் மீதியையும் சொல்வேன்.

ரங்கூன் மிஷன் பள்ளி மைதானத்தில்தான் தொடக்கம். கால்பந்தில் நான் ரைட் அவுட். பந்து வலது ஓரத்துக்கு வரும். அதை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு கோட்டோரமாகவே பறப்பேன். புல், சேறு, மறுபடி புல். கோடு என்பது பேச்சுக்குத்தான். சுண்ணாம்பை மழை எப்போதோ குடித்திருக்கும். பார்க்க வந்த கூட்டம்தான் கோடு. துறைமுகத்து மூட்டைக்காரர்களும் சம்பான் படகோட்டிகளும் தரையில் உட்கார்ந்து, கால்களை ஆட்டத்துக்குள்ளேயே நீட்டியிருப்பார்கள். நான் வருவதைக் கண்டதும் ஒருவன் கத்துவான்: “காலை மடக்கு!” முழங்கால்கள் வரிசையாக மடங்கிக்கொண்டே போகும், நான் கடந்ததும் மறுபடி நீளும். எனக்கு முன்னால் ஓர் அலை ஓடுவதுபோல் இருக்கும். முகங்களை நான் பார்த்ததில்லை. கால்களைத்தான் தெரியும்.

அந்த ஓட்டம்தான் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை வாங்கித் தந்தது. அப்போது அது வழக்கம். கையெழுத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக் கிளார்க் வேலைக்கு எடுப்பார்கள். துரைக்குக் கம்பெனி அணி ஜெயித்த கோப்பை வேண்டும், எனக்குச் சம்பளம் வேண்டும். காலையில் தலையைக் காட்டிவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவேன். சில வருஷங்கள் அப்படியே ஓடின, என்னைப் போலவே.

பிறகு ஓர் அடைமழை ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. எதிரி யாரும் தொடவில்லை. ஒரு குட்டை. கால் அதில் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. கட்டுப் போட்ட பர்மிய வைத்தியர், “நடக்கலாம் சயா, ஓட்டம் முடிஞ்சுது” என்றார். சயா என்றால் அங்கே ஐயா. வீட்டில் மனைவி, கைக்குழந்தை. ஓடாத கிளார்க்கை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்?

நொண்டிக்கொண்டே அலுவலகம் போனேன். போன பிறகுதான் ஒன்று உறைத்தது: என் மேஜை எதுவென்று எனக்குத் தெரியாது! ஒரு நாளாவது உட்கார்ந்திருந்தால்தானே? ஜன்னலோரம் ஒன்று காலியாக இருந்தது. உட்கார்ந்தேன்.

“என்னடே, சௌகரியமா இருக்கா?”

பின்னால் ஹெட்கிளார்க் நின்றார். திருநெல்வேலிக்காரர், சிரிக்காமலே கேலி செய்வார்.

“நல்லா இருக்குங்க ஐயா.”

“இருக்கும், இருக்கும். இத்தனை வருஷமா நான் உக்காந்து பதமாக்கின நாற்காலியாச்சே!”

ஹால் முழுக்கச் சிரிப்பு. என் மேஜை மூலையில் கிடந்தது, குடைகளுக்கும் எங்கள் அணியின் ஈரச் சட்டைகளுக்கும் அடியில்.

சிரிப்பு அடங்கியதும் அவர் குரலைத் தாழ்த்தினார். “புதுத் துரை வாராரு. பந்துன்னாலே அவருக்கு ஆகாதாம். உன்னால ஆபீசுக்கு என்ன பிரயோசனம்னு அவரு கேட்டா, நான் என்னத்தடே சொல்ல?”

நானும் முயன்றேன். கூட்டல் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு விடை. மேஜைக்கடியில் நல்ல கால் மட்டும் தானாக ஓடிக்கொண்டிருக்கும். அது இடித்து மைக்கூடு இரண்டு தடவை கவிழ்ந்தது.

புதுத் துரை வந்த அன்று வானம் பொத்துக்கொண்டது. கப்பலுக்குள் போக, சீட்டு ஜன்னலில் அனுமதிச் சீட்டு வாங்க வந்தவர்கள் அத்தனை பேரும் வராந்தாவில் ஒதுங்கி, வெற்றிலையும் சுருட்டுமாகக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். எலி நுழைய இடமில்லை. அந்தக் கோடியில் துரை, நனைந்த தொப்பியோடு. இந்தக் கோடியில் ஹெட்கிளார்க், இங்கிலீஷ், இந்துஸ்தானி, பர்மியம், தமிழ் என்று தெரிந்த பாஷையிலெல்லாம் கத்திக்கொண்டிருந்தார்.

“எங்கய்யா நகர்றது? கூரைமேலயா?” என்றது ஒரு குரல்.

உள்ளே இருப்புக் கொள்ளாமல் நானும் எழுந்து வாசலுக்கு வந்தேன்.

“அட, நம்ம ரைட் அவுட்டுடா!” ஒரு மேஸ்திரிதான் முதலில் பார்த்தார். “டேய், காலை மடக்குங்கடா!”

மடங்கின. வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, அதே அலை. நடந்தேன். மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. அதனால் முதல்முறையாக அந்த முகங்களைப் பார்த்தேன். பல்லெல்லாம் சிவப்பு. “முட்டி எப்பிடி இருக்கு தம்பி?” “அந்தக் குட்டையை மண்ணு போட்டு மூடிட்டோம் சயா!” “கோலு இந்தப் பக்கம், கோலு இந்தப் பக்கம்!”

துரையை அழைத்துக்கொண்டு திரும்பினேன். நாங்கள் கடந்த பிறகும் கால்கள் நீளவில்லை. சீட்டு ஜன்னல் பக்கமாகத் தாங்களே வரிசையாகிக்கொண்டிருந்தார்கள்.

துரை தொப்பியை உதறினார். “யார் இந்த ஆள்?”

ஹெட்கிளார்க் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “சீட்டு ஜன்னல் கிளார்க்குங்க. இவர் இல்லேன்னா இந்தக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது.”

அப்படி ஒரு பதவி அந்த நிமிஷம்வரை உலகத்தில் இல்லை. துரை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். ஹெட்கிளார்க் தம் கையாலேயே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து சீட்டு ஜன்னலடி மேஜைமுன் போட்டார்.

“உக்காருடே. இனிமே நானே கூப்பிட்டாலும் எந்திரிக்காதே.”

உட்கார்ந்தேன். மேஜைக்கடியில் அந்த நல்ல கால் ஓட ஆரம்பித்தது. மைக்கூட்டை மட்டும் எட்டத் தள்ளி வைத்துக்கொண்டேன்.