மனுவில் நான் எழுதாத பெயர்

அஸ்தம்பட்டியில் மனநல ஆலோசனை மையம் நடத்திய ஒருவர், மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்தும்படி என் மனைவியிடம் சொன்னார். பதினேழாம் நாள், கிணற்று மேட்டில் நின்றவளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கைபிடித்து அழைத்து வந்தார். அந்த ஆலோசகருக்கு அதற்கான படிப்போ பதிவோ இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்படிப்பட்டவர்களைத் தடுக்க மாநிலச் சட்டம் வேண்டும் என்று எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு மனு எழுதினேன். நடந்ததைத் தேதிவாரியாகக் குறித்தேன். வெண்ணந்தூரில் எங்கள் தெருவில் ஒருவரும் கையெழுத்திடவில்லை.

"புள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கறமுங்க. இதுல பேரு வந்தா, எங்கூட்டுல ஆருக்கோ கிறுக்குன்னு பேசுவாங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

உறுப்பினரின் உதவியாளர் மனுவைப் படித்துச் சிரித்தார். "தேதியெல்லாம் பஞ்சாங்கமாட்டம் இருக்குதுங்க. 'எனக்குத் தெரிந்த ஒரு பெண்'ணுன்னு எழுதியிருக்கீங்க, ஆருங்க அது?"

"தெரிஞ்சவங்கதானுங்க" என்றேன். அவர் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் அதைப் படித்த மனைவி கேட்டாள்: "பொண்டாட்டின்னு எழுதக் கை கூசுச்சுங்களா?"

எதிர்வீட்டுக்காரர் மேல் இருந்த கோபம் அன்றோடு போயிற்று. என் மேல் வந்தது போகவில்லை.

இப்போது ஒவ்வொரு மனுவிலும், அவள் சம்மதத்துடன், அவள் பெயரையே எழுதுகிறேன். முதல் கையெழுத்து அவளுடையது, அடுத்தது என்னுடையது. மூன்றாவது இன்னும் கிடைக்கவில்லை.