ஒரு கூடை மண்

கொடைக்கானல் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிய அந்தப் பெரியவரின் நகக்கண்களில் எப்போதும் மண் அப்பியிருக்கும். பிடி மண் போட வேண்டிய பிள்ளை வந்து சேராவிட்டால், குழியை மூடியபின் ஒரு கூடை மண்ணை அவனுக்காகச் சாக்குப் போட்டு மூடிவைப்பார்.

நான் வேலை பார்த்த பங்களாவின் அமெரிக்கப் பாதிரியாரை அடக்கம் செய்தபோதும் அப்படி எடுத்துவைத்தார்.

"மகன் கடலைத் தாண்டி வர எம்புட்டு நேரமாகுங்க?" என்று கேட்டார்.

"நியூயார்க்ல ஏறுனா பம்பாய்க்கு எட்டாயிரம் மைலு. பிளேன்ல ரெண்டு நாளாவது ஆகும்."

"திருச்சியிலேருந்து கொழும்புக்குங்க?"

"ஒரு மணி நேரந்தான். ஏன் கேக்குறீங்க?"

அவர் சுவரோரம் போய் இன்னொரு சாக்கை விலக்கினார். கூடை இற்றுப்போயிருந்தது. மண்ணில் வெளிறிய புல் முளைத்திருந்தது.

"எம் பொஞ்சாதி குழி மண்ணுங்க. மகன் கொழும்புலதான் இருக்கான்."

பாதிரியாரின் கூடையைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தார்.