பார்க்க மறுத்த பரண்

அறுபதுகளில் பம்பாயில் காலையில் சட்டக் கல்லூரியில் பாடம், பதினொரு மணிக்கு ஹைகோர்ட்டில் அப்பீல் என்று ஓடிக்கொண்டிருந்தேன். இரண்டு இடத்திலும் நான் விடாமல் சொல்லிவந்தது ஒன்றுதான்: கீழ்க் கோர்ட்டுப் பதிவில் இல்லாதது அப்பீலில் இல்லவே இல்லை. அதனால் கட்சிக்காரர் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். கண்ணால் பார்த்ததை வாய்க்குள் அடக்கிவைப்பது யாருக்குமே கஷ்டம். எனக்கு இன்னும் கஷ்டம்.

தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் மாட்டுங்காவில் என் வீட்டுக்கு வந்தார். வாடகை அறைக்குள் பரண் கட்டியிருந்தார். அனுமதியில்லாமல் நிரந்தரக் கட்டுமானம் எழுப்பிவிட்டார், காலி செய்ய வேண்டும் என்று அறையின் சொந்தக்காரர் வழக்குப் போட்டு, இரண்டு கீழ்க் கோர்ட்டிலும் ஜெயித்திருந்தார். இங்கும் தோற்றால், மனைவியோடும் இரண்டு பெண்களோடும் இவர் தெருவுக்கு வர வேண்டியதுதான்.

"அய்யா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன். நடந்தே வந்துரலாம்."

"பாக்கமாட்டேன். பேப்பரைக் குடுத்துட்டுப் போங்கோ."

அவர் முகம் வாடிவிட்டது. கர்வம் பிடித்த மனுஷன் என்று நினைத்திருப்பார். அதில் தப்பும் இல்லை.

பேப்பரை மூன்று முறை படித்தேன். பரண் மரப்பலகை என்று இருந்தது, நீள அகலம் இருந்தது. சுவரோடு அதை எப்படிப் பொருத்தியிருக்கிறார் என்று மட்டும் ஒரு சாட்சியும் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கவும் இல்லை. எனக்கு அது போதும்: கழற்ற முடியாதபடி பொருத்தியிருந்தால்தான் அது நிரந்தரக் கட்டுமானம்.

"கழற்ற முடியாத பரண் என்பதற்கு ஒரு வரி சாட்சியம் காட்டட்டும், உட்கார்ந்துவிடுகிறேன்" என்றேன் நீதிபதியிடம். எதிர்த்தரப்பு வக்கீல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். சாட்சியமே இல்லாத முடிவு சட்டத்தில் நிற்காது. ஜெயித்தோம்.

வழக்குதான் முடிந்துவிட்டதே என்று ஞாயிற்றுக்கிழமை அவர் அறைக்குக் காப்பிக்குப் போனேன். பரண் மேலிருந்து இரண்டு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் படுக்கை அங்கேதான்.

"ஏறிப் பாருங்கய்யா, பயப்படாதிய. இரும்பச் செவுத்துக்குள்ள எறக்கி சிமிண்டு போட்டிருக்கேன். கட்டடமே விழுந்தாலும் இது விழாது!" என்று பரணை ஓங்கித் தட்டிக் காட்டினார்.

காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இதை முன்பே பார்த்திருந்தால் அன்று கோர்ட்டில் என் குரல் கட்டாயம் நடுங்கியிருக்கும். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்றால் சந்தோஷம்தான்.

மறுநாள் வகுப்பில் 'பதிவில் இல்லாதது அப்பீலில் இல்லவே இல்லை' என்ற அதே வாக்கியத்தை முன்னைவிட உரக்கச் சொன்னேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.