சாகாத மாமா

டெல்லியில் தங்கச்சி மகள் ஜெசிக்குப் பிறந்தநாள். லேசர் சண்டை விளையாட மாலுக்கு வந்திருக்கிறோம். விளக்கு வைத்த கோட்டும் துப்பாக்கியும் தருகிறார்கள். துப்பாக்கி ஒளி பட்டால் கோட்டு அலறும். அலறினால் செத்தோம். உள்ளே ஏசி நடுக்குகிறது. கோட்டுக்கு மேலே துண்டைப் போர்த்திக்கொள்கிறேன்.

ஜெசி எதிர் அணி. எத்தனை முறை சுட்டும் நான் சாகவில்லை.

"மாமா ஏமாத்துறார்! நான் கேக் வெட்ட மாட்டேன்!" என்று அழுகிறாள்.

கோட்டு மாட்டிவிடுகிற ஆள் ஓடி வருகிறார். பேட்டரி போச்சு என்று வேறு கோட்டு தருகிறார். துண்டை எடுத்து, கோட்டை மாற்றி, திரும்பவும் போர்த்திக்கொள்கிறேன். சாகவில்லை. மூன்றாவது கோட்டிலும் சாகவில்லை.

"மெஷின் கராப், அங்கிள்" என்று கையை விரிக்கிறார். மெஷினே கெட்டுப்போச்சாம்.

டிக்கெட் கொடுக்கிற தமிழ்ப் பொண்ணு எட்டிப் பார்க்கிறது.

"அண்ணே, அந்த விளக்குல பட்டாதான் சாவீங்க. துண்டால மூடிட்டு நின்னா எப்படி?"

அதையே அந்த ஆளிடம் இந்தியில் சொல்கிறது.

"அச்சா!" என்கிறார் அவர். இங்கே இரண்டு வருசமாக வேலையாம்.

துண்டை எடுத்து மடிப்பதற்குள் ஜெசி சுடுகிறாள். மூக்கைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. கோட்டு அலறுகிறது. நான் நல்லபடியாகச் சாகிறேன்.