இரவல் மடி

மாத்தளைக் கடைத்தெருவில் அழகையா என்று கேட்டால் யோசிப்பார்கள். மாமா என்று கேட்டால் சட்டென்று கைகாட்டிவிடுவார்கள். மிளகும் கராம்பும் வாங்கும் கடையில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கும் மெலிந்த மனிதர்தான் அவர். பக்கத்துப் புடவைக்கடை பலீல்கூட அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார். இந்தப் பட்டம் அவருக்கு வந்தது அவருடைய மடியால்.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். தகப்பன் ஊருக்கே ராசாவாக இருந்தாலும் அந்த நேரத்தில் ஓரமாக நிற்க வேண்டியதுதான். எழுபதுகளில் இந்த முறைக்கு ஒரு சோதனை வந்தது. இலங்கை, இந்தியா என்று இரண்டு அரசாங்கங்கள் எங்கள் சனத்தை ஆடுமாடு மாதிரிப் பங்கு போட்டுக்கொண்டன. ஒரே வீட்டில் அண்ணன் இந்தியாவுக்கு, தங்கச்சி இங்கே என்று எழுதினார்கள். அண்ணன்மார் தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள். இங்கே தங்கச்சிமாருக்குப் பிள்ளை பிறந்தது. மடிக்கு எங்கே போவது?

அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் சுந்தரம்மா என்ற பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு அழுதபடி நின்றாள். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். தேங்காய் உடைக்க வந்த அழகையா அப்போது கல்யாணமாகாத இளவட்டம். பக்கத்தில் போய், "பிள்ளைக்கு என்ன பேருங்க?" என்று கேட்டார். பெயரைக் கேட்டுக்கொண்டுதான் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்கு உட்கார்ந்துவிட்டார். ஒரு தடவையும் பெயர் கேட்காமல் உட்கார்ந்ததில்லை. "பேர் தெரியாத பிள்ளைக்கு எப்படிங்க மாமனாகிறது?" என்பார்.

உப்புக்குச் சப்பாணி என்று சிலர் கேலி செய்தார்கள். அவர் கோபப்படவில்லை. அவர் மனதில் ஒரே ஒரு கணக்கு இருந்தது. தங்கச்சி சந்திரகாந்தாவுக்கு ஒரு பிள்ளை பிறக்கும், அதை மடியில் வைக்கிற நாள்தான் அசல் நாள், மற்றதெல்லாம் அதற்கு ஒத்திகை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பெரியவர்கள் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிட்டார். பழமொழி சொன்னவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடைத்தெரு எரிந்தது. அழகையா சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் மனைவி பேச்சியம்மா இரண்டு வயது மகள் கோகிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். வயிற்றில் இன்னொன்று இருந்தது. மேட்டுத் தோட்டத்துக் கொக்கோ மரங்களுக்குள் ஒளிந்திருந்த மூன்றாம் நாள் அது கலைந்து போனது. ஆண் பிள்ளை என்று அங்கே உதவிக்கு வந்த கிழவி சொன்னாள். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

ஊர் அடங்கிய பிறகு இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளலாமே என்று அழகையா மெதுவாகப் பேச்சை எடுத்துப் பார்த்தார்.

"ஓடயில ஒரு இடுப்புல ஒரு பிள்ளைதாங்க உக்காரும்," என்றாள் பேச்சியம்மா. "இன்னொன்ன எங்க வைக்கச் சொல்றீங்க?"

அதற்குப் பிறகும் ஊர் அமைதியாக இருந்ததா என்ன? தெற்கில் பையன்கள் காணாமல் போனார்கள், வடக்கில் குண்டு வெடித்தது, பஸ்ஸில் அடையாள அட்டையைக் கேட்டு இறக்கினார்கள். அவள் சொன்னது சரிதான் என்று ஒவ்வொரு வருடமும் ருசுப்படுத்திக்கொண்டே போனது. கோகிலா ஒண்ணே ஒண்ணு கண்ணே கண்ணு என்று வளர்ந்தாள்.

தங்கச்சி சந்திரகாந்தா கல்யாணமாகி, முன்னாலேயே போயிருந்த புருஷனோடு சேர ஜேர்மனிக்குப் போனாள். அழகையா ஆசாரியிடம் சொல்லி ஒரு சின்னச் சோடி தோடு செய்து அலுமாரியில் வைத்தார். கொமியூனிகேஷன் கடையில் போன் வரும்போதெல்லாம் முதலில் சுகம் கேட்பார், அப்புறம் சும்மா இருப்பார். அந்தச் சும்மாவுக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். "விசா வரட்டும் அண்ணே" என்பாள். பிறகு "வேலை நிரந்தரமாகட்டும் அண்ணே" என்றாள். பிறகு "வீடு ஒண்ணு பாத்துக்கிட்டு" என்றாள். அதற்குப் பிறகு காரணம் சொல்வதை விட்டுவிட்டு, மிளகு விலை என்ன என்று கேட்கத் தொடங்கினாள்.

சமாதானம் பேசிய காலத்தில், இரண்டாயிரத்து இரண்டில், முதல் தடவையாக ஊருக்கு வந்தாள். காதோரம் நரைத்திருந்தது. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே அவளாகப் பேசினாள்.

"அங்க யாரும் பிள்ளை வேணான்னு சொல்றதில்ல அண்ணே. அப்புறம் அப்புறம்னுதான் சொல்றாங்க. வெள்ளைக்காரங்களும் அப்படித்தான். நான் வேலை செய்யிற வயசாளிங்க மடத்துல பாதிப் பேருக்குப் பாக்க வர ஆளில்ல. அவருக்கு ராத்திரி வேலை, எனக்குப் பகல் வேலை. பிள்ளைய யாரு கையில குடுக்கிறது? கடைசியில டாக்டர்கிட்ட போனா, பிந்திட்டீங்கன்னு சொல்லிட்டாரு."

"இங்க அனுப்பியிருந்தா நான் வளத்திருப்பேனே."

"அனுப்புறதுக்கா அண்ணே பெத்துக்கிறது?"

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அழகையா எழுந்து கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். தோட்டை அவளிடம் காட்டவில்லை.

அவர் மடிக்கு மட்டும் ஓய்வில்லை. ஆனால் இப்போது வருகிற பெண்கள் வேறு மாதிரி. முன்பெல்லாம் அண்ணன் எங்கே என்று கேட்டால் இந்தியா, லண்டன், இல்லையென்றால் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கண்ணைத் துடைப்பார்கள். எங்கேயோ ஒருவன் இருந்தான். இப்போது கேட்டால், "எங்க வீட்ல நான் ஒருத்திதாங்க மாமா," என்று சிரிக்கிறார்கள். வராத மாமனுக்காவது காத்திருக்கலாம். பிறக்காதவனுக்கு என்ன செய்வது?

கோகிலாவுக்குச் சீகிரியா ஹோட்டலில் வேலை செய்யும் பையனோடு கல்யாணம் நடந்தது. இரண்டாயிரத்து எட்டில் பெண் குழந்தை பிறந்தது. பொன்மலர் என்று பெயர் வைத்தார்கள். அழகையா அலுமாரியிலிருந்து தோட்டை எடுத்துப் புளி போட்டுத் துலக்கினார். மறுவருடம் யுத்தம் முடிந்து, தெருவில் பட்டாசுச் சத்தம் அடங்கிய பிறகு, காது குத்த நாள் பார்த்தார்கள். பாலும் பழமும் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

"மாமன் யாருங்க?" என்று கேட்டாள் பேச்சியம்மா.

"நான்தான்," என்றார் பழக்கத்தில்.

"நீங்க தாத்தா."

அழகையா அப்படியே மிளகுச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொக்கோ மரத்தடியில் போனவன் இருந்தால் இருபத்தைந்து வயது. இரண்டு பேரும் அதைத்தான் நினைத்தார்கள்.

அழகையா கடைத்தெருவில் இறங்கினார். மடியில் வைத்த பிள்ளைகள் ஊரெல்லாம் மீசை வைத்துக்கொண்டு திரிகிறார்கள், ஒருவன் கிடைக்கமாட்டானா? பாதித் தெரு போன பிறகுதான் விஷயம் உறைத்தது. அவர்கள் எல்லாரும் அவரை மாமா என்கிறவர்கள். மாமன் மகள் கோகிலா அவர்களுக்குக் கட்டிக்கொள்ளும் முறை. ஒருவனும் அவளுக்கு அண்ணன் தம்பியாக முடியாது. மடியில் உட்கார்த்தி உட்கார்த்தி, மகளுக்கு ஊரில் ஒரு சகோதரன் இல்லாமல் செய்துவிட்டார்.

"நான் வேணும்னா உக்காரட்டுமா?" என்று பலீல் கேட்டார்.

"நீயும் மாமான்னுதானேப்பா கூப்பிட்ட," என்றார் அழகையா. பலீல் அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பக்கத்திலேயே நின்றார்.

மாப்பிள்ளை தன் ஹோட்டலிலிருந்து செல்லச்சாமி என்ற வெளியூர்ப் பையனைக் கூட்டிவந்தான். சமையல் கட்டில் வேலை. நல்ல பையன், குறை சொல்ல முடியாது. மத்தியானம் திரும்பி வேலைக்குப் போக வேண்டும் என்பதால் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழகையா வாங்கி வைத்திருந்த வேட்டியைக் காற்சட்டைக்கு மேலேயே சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

ஊசியைக் கண்டதும் பிள்ளை திமிறியது. அவனுக்குத் தலையைப் பிடிக்கத் தெரியவில்லை. தாடையால் உச்சியை அழுத்திக்கொண்டு, ஒரு கையால் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்தால் போதும். அழகையாவின் கைகள் தாமாக எழுந்தன. பேச்சியம்மா அவர் சட்டையைப் பிடித்தாள். பொன்மலர் அவரைப் பார்த்துத்தான் வீறிட்டு அழுதாள். அவர் ஓரத்தில், தகப்பன்மார் நிற்கிற இடத்தில் நின்றார்.

இரண்டு காதிலும் தோடு ஏறியது. செல்லச்சாமி பிள்ளையைத் தூக்கி அழகையாவிடம் நீட்டினான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாகச் சிரித்தான்.

"பிள்ளைக்கு என்ன பேருங்க?" என்று கேட்டான்.