பின்மூடியில் ஓர் ஓட்டை

உலகத்தில் எந்த மெக்கானிக்கும் அசலை ரிப்பேர் செய்து வயிறு வளர்த்ததில்லை. நமக்கெல்லாம் சோறு போடுவது நகல்தான். மிக்ஸியோ செல்போனோ தண்ணீர் மோட்டாரோ, ஒரு சாமானைப் பிரித்துவிட்டு "அட, இதுவும் அதே மாதிரிதான்" என்று பெருமூச்சு விட்ட அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள். நான் பிரிக்கிற சாமான் மட்டும் கொஞ்சம் வினோதமானது. சாயம் அடைத்த உருண்டையைக் காற்றால் சுடும் பெயிண்ட்பால் துப்பாக்கி.

கரியாலூருக்குப் பக்கத்தில் மாணிக்கம் அண்ணன் நடத்தும் விளையாட்டு மைதானத்தில் எனக்கு வேலை. அண்ணனுடையது சங்கராபுரம் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம். அருவி பார்க்க வருகிறவர்களை நம்பி மலையில் இடம் எடுத்தார். நான் அதற்கு முன் பதினோரு வருஷம் சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். என் மனைவி எழிலரசி மலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சாயந்திரம் பஸ் ஏறுகிற வாழ்க்கை. மலையிலேயே வேலை கிடைத்துவிட்டது என்று நான் சொன்ன அன்று அவள் சந்தோஷப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "இதயாவது ஒழுங்கா புடிச்சிக்கினு இருங்க. வாரத்துக்கு ஒரு நாள் புருஷன் எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

மூன்று பெயர்

பெங்களூரில் மூடிப்போன ஒரு மைதானத்திலிருந்து அண்ணன் பன்னிரண்டு பழைய துப்பாக்கிகளை மொத்தமாக அள்ளி வந்தார். ஐந்தின் மேல் புலிப் படம், நான்கின் மேல் மின்னல், மூன்றின் மேல் தேள். எல்லாமே செமி ஆட்டோமேட்டிக் என்ற சங்கதி வந்த புதிதில் போட்ட மாடல்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு உருண்டைக்கும் கையால் இழுத்துவிட வேண்டும். யாரோ ஒரு மகராசன் யோசித்திருக்கிறான்: உருண்டையைத் தள்ளுகிற காற்றில் கொஞ்சத்தைப் பின்பக்கம் திருப்பிவிட்டால், உள்ளே இருக்கிற சுத்தியலை அதுவே பின்னுக்குத் தள்ளிக் கொக்கியில் மாட்டிவிடாதா? அடுத்த உருண்டைக்குத் துப்பாக்கி தானாகத் தயாராகிவிடாதா? மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஓர் ஊசி. அவ்வளவுதான் மொத்தச் சரக்கும். மற்றவர்கள் அதைப் பார்த்தார்கள், அப்படியே அடித்தார்கள்.

மூன்று ஜாதியிலும் ஒவ்வொன்றைப் பிரித்துத் துணியில் பரப்பினேன். புலியின் சுத்தியலைத் தேளுக்குள் விட்டேன், போய் உட்கார்ந்தது. மின்னலின் ஸ்பிரிங் புலிக்குள் போய் உட்கார்ந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. எந்த ஊரிலோ எந்தக் காலத்திலோ ஒருத்தன் தலையில் வந்த யோசனை, மூன்று வேஷம் போட்டுக்கொண்டு கல்வராயன் மலையில் என் முன்னால் கிடந்தது. அண்ணன் எட்டிப் பார்த்து, எது ஒரிஜினல் என்று கேட்டார். தெரியவில்லை, மூன்றும் காப்பியாகவே இருக்கலாம் என்றேன். ஒரு புலியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நான் வாங்கினாந்தது துப்பாக்கி இல்லியா, ஜெராக்ஸா?"

சாக்குப்பையில் நான்கு

உதிரிபாகத்துக்கு அளவு பார்க்க நான்கு துப்பாக்கிகளை யூரியா சாக்கில் போட்டு பைக்கில் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். நடுவில் சோதனைச் சாவடி. சாக்கில் என்ன என்று கேட்டார் காவலர். துப்பாக்கி என்றேன். இந்த மாதிரி இடத்தில் உண்மையைச் சொல்லும்போது கொஞ்சம் முன்னுரை வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. மைதானத்தின் காகிதங்களைக் காட்டி, சாய உருண்டையைக் கையில் நசுக்கிக் காட்டி, கடைசியில் மேஜை மேல் ரகத்துக்கு ஒன்றாக மூன்றைப் பிரித்தும் காட்டினேன். அவர் கோபம் எல்லாம் போய், குனிந்து ஒவ்வொரு பாகமாக எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு நேரமாகிறது, அவருக்கு ஆகவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "எல்லாம் ஒரு தாய் புள்ளைங்களாத்தான் இருக்குது. அப்பன் பேருதான் ஆளுக்கு ஒண்ணா போட்டுக்கினு கீதுங்க."

நிற்காத தேள்

திருக்கோவிலூரிலிருந்து ஒரு வங்கிக் காசாளர் நண்பர்களோடு வந்திருந்தார். சாது. முகமூடி மாட்டும்போதே யாருக்கும் வலிக்காதே என்று மூன்று தடவை கேட்டவர். அவர் கைக்குப் போனது ஒரு தேள். ஒரு தடவைதான் விசையை இழுத்தார், தேள் நிற்கவே இல்லை. பின்னால் போன சுத்தியல் கொக்கியில் மாட்டாமல் திரும்பத் திரும்ப முன்னால் வந்து அடித்தது. உருண்டைகள் கொத்தாகப் பறந்தன. காற்றுச் சிலிண்டரை மூடலாம் என்று குறுக்கே ஓடிய என் சட்டை முழுக்க மஞ்சள். முகமூடி இருந்ததால் கண் தப்பியது.

மூன்று தேளுக்கும் இதே வியாதி. ஒரு நாள் நிற்காமல் சுடும், மறுநாள் ஒரு தடவை சுட்டுவிட்டுச் செத்த மாதிரி கிடக்கும். ஸ்பிரிங் மாற்றினேன், கொக்கி மாற்றினேன், திட்டியும் பார்த்தேன். அன்றைக்குக் காசாளரிடம் மன்னிப்புக் கேட்டு, ஒரு நல்ல புலியைக் கொடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். "சார், எனக்கு அந்தப் பழசையே குடுத்துடுங்க. இது நான் அமுக்கினாத்தான் சுடுது."

ஓரிங்

உள்ளே காற்று கசியாமல் பிடிக்கிற ரப்பர் வளையத்துக்கு ஓரிங் என்று பெயர். அது தேய்ந்துபோனால் துப்பாக்கி வெறும் பெருமூச்சுதான் விடும். வெளிநாட்டுச் சாமானுக்கு எங்கே போவது என்று தலையைச் சொறிந்துகொண்டு, கள்ளக்குறிச்சியில் மருந்து அடிக்கிற மிஷினுக்கு உதிரிபாகம் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வளையத்தை விரலில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போட்டார். அச்சு அசலாகப் பொருந்தியது. பருத்திக்கு மருந்து அடிக்கிற சாமானும் கடல் தாண்டி வந்த துப்பாக்கியும் எப்படி ஒரே அளவு என்று நான் வாயைப் பிளந்தேன். அவர் அடுத்த ஆளுக்கு வாஷர் எடுத்துக்கொண்டே சொன்னார்: "அது மருந்து மிஷினா துப்பாக்கியான்னு காத்துக்கு இன்னாங்க தெரியும்?"

கெடு

சேலத்திலிருந்து ஒரு கம்பெனிக் குழு வருவதாகச் சொன்னார்கள். நாற்பது பேர். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணி, அணிக்கு ஆறு பேர் வீதம் பன்னிரண்டு துப்பாக்கியும் ஓட வேண்டும். அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "ஞாயித்துக்கிழம பன்னெண்டும் சுட்டாகணும், குமரேசா. இல்லன்னா மொத்தத்தையும் எடைக்குப் போட்டுட்டு டெண்ட் அடிச்சு வாடகைக்கு வுட்டுடறேன். டெண்டுக்கு மெக்கானிக் தேவையில்ல பாரு" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சொன்னதைச் செய்கிறவர்.

எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. பழைய தொழிற்சாலையின் ஹாஸ்டல் அறை, இரும்புக் கட்டில், ஞாயிற்றுக்கிழமை சாயந்திர பஸ் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. எழிலரசியிடம் சொல்லத் தைரியம் இல்லாமல், முகமூடி கழுவிக்கொண்டிருந்த செல்லம்மா அக்காவிடம் சொன்னேன். பக்கத்துக் கிராமம். சாமை விதைத்த நேரம் போக மைதானத்தில் வேலை செய்பவர். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையில் இருந்த முகமூடியை உதறிக் காயப் போட்டுவிட்டுக் கேட்டார்: "இது மூடினா எனக்குச் சாமைக் காடு இருக்குது. ஒனக்கு இன்னா தம்பி இருக்குது?"

ரஹீம் பாய் எடுத்த நகல்

பட்ட காலிலே படும் என்பது போல, அந்த வாரமே நன்றாக ஓடிய ஒரு புலி பாறையில் விழுந்து அதன் பின்மூடி உடைந்தது. சுத்தியல் ஓடுகிற கீழ்க்குழாயைப் பின்னால் அடைக்கிற திருகுமூடி அது. இன்னொரு புலியின் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியில் ரஹீம் பாயின் லேத் பட்டறைக்குப் போனேன். டிராக்டர் சாமான் முதல் கரும்பு மிஷின் உருளை வரை கடைந்து தருகிறவர். மூடியை மாதிரிக்குக் கொடுத்துவிட்டு டீ குடித்து வந்தேன். அதற்குள் கடைந்து வைத்திருந்தார். இரண்டையும் உள்ளங்கையில் வைத்தால் எது பழசு எது புதுசு என்று பளபளப்பை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அப்புறம்தான் பார்த்தேன். பழைய மூடியின் விளிம்பில் நான் பிளேயரால் தப்பாகப் பிடித்ததால் விழுந்த ஒரு கீறல் உண்டு. புது மூடியிலும் அதே இடத்தில், அதே நீளத்துக்கு ஒரு கீறல் போட்டிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இது என் கைத்தவறு, இதைப் போய் யாராவது நகல் எடுப்பார்களா, நடுவில் இருக்கிற இந்தப் பொடி ஓட்டைகூட எதற்கும் உதவாத ஓட்டைதான் என்று பொரிந்தேன். பாய் எண்ணெய்க் கையைத் துடைத்தார். குரல் உயரவில்லை. "தம்பி, மாதிரின்னு ஒண்ணக் குடுத்த. அதுல எது தேவ, எது தேவயில்லன்னு சொல்ல நான் யாரு? செஞ்சவனுக்குத்தான் தெரியும்."

எதற்கும் உதவாத ஓட்டை

மலை ஏறி வந்ததும், புது மூடியின் மரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கைக்கு எட்டிய துப்பாக்கியில் திருகினேன். அது ஒரு தேள். சரி, போட்டதுதான் போட்டோம் என்று விசையை இழுத்தேன். ஒரு உருண்டை போய் மரத்தில் அடித்தது. மறுபடி இழுத்தேன், இன்னொன்று. இருபது உருண்டை சுட்டேன். ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. பழைய தேள் மூடியை மாட்டினேன், திரும்பவும் செத்துப்போனது. இரண்டு மூடியையும் வெயிலில் தூக்கிப் பார்த்தேன். தேளின் மூடியில் ஓட்டை இல்லை.

விஷயம் அப்போதுதான் புரிந்தது. சுத்தியல் பின்னால் வரும்போது அதற்குப் பின்னால் இருக்கிற காற்று வெளியே போக வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் அந்தக் காற்றே தலையணை மாதிரி நின்று சுத்தியலைக் கொக்கி வரை வரவிடாது. முதல் ஆள் அதற்காகத்தான் குண்டூசித் தலை அளவுக்கு ஓர் ஓட்டை போட்டிருக்கிறான். புலிக்காரனும் மின்னல்காரனும் காரணம் தெரியாமலே பயபக்தியாக அதையும் காப்பி அடித்தார்கள், அவர்கள் துப்பாக்கி ஓடுகிறது. தேள்காரன் மட்டும் புத்திசாலி. என்னைப் போலவே எதற்கும் உதவாத ஓட்டை என்று நினைத்து விட்டுவிட்டான். முகம் தெரியாத ஒருத்தனின் யோசனை, அது புரியாதவர்களின் கை வழியாகவே இத்தனை தூரம் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறதே என்று நினைத்தபோது எனக்குக் கும்பிடத் தோன்றியது. கும்பிடவும் செய்தேன்.

உடனே மூன்று தேள் மூடிகளையும் வரிசையாக வைத்து நானே ஓட்டை போட்டேன். இரண்டு நன்றாக அமைந்தன. மூன்றாவதில் டிரில்லிங் மிஷின் வழுக்கி, ஓட்டை நடுவிலிருந்து ஒரு நெல் அகலம் தள்ளிப் போய்விட்டது. ஆனால் அந்தத் தேளும் சுட்டது. விஷயத்தை எழிலரசிக்குப் போனில் சொன்னேன். பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம். அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இன்னொருத்தர் போட்டதுல கை வைக்கிறதுக்கு முன்னாடி யோசிக்கணும்னு எங்கிட்ட கேட்டிருந்தா மொதல் நாளே சொல்லியிருப்பேன்."

சேலத்து மேடம்

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டும் சுட்டன. சாயந்திரம் வரை ஒன்றுகூட நிற்கவில்லை. அண்ணன் பாராட்டவில்லை, டெண்ட் பேச்சையும் விடவில்லை. வாடகை விஷயத்தைச் செவ்வாய்க்கிழமை பேசிக்கொள்ளலாம் என்றார்.

அந்தக் குழுவில் ஐம்பது வயதிருக்கும் ஒரு மேடம். கம்பெனியில் டிசைன் பிரிவுக்குத் தலைவி என்றார்கள். விளையாட்டு முடிந்ததும் ஒரு தேளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது தேள். இந்த மாதிரித் துப்பாக்கிகளை அவர்கள் கம்பெனியிலேயே செய்து பார்க்கப்போகிறார்களாம். போட்டோ எடுத்தார், ஸ்கேல் வைத்து அளந்தார், நோட்டில் குறித்தார். "இந்த ஓட்ட நடுவுல இல்லாம இத்தனூண்டு தள்ளி இருக்குதுங்களே, அதுக்கு என்னங்க காரணம்?" என்று கேட்டார். அண்ணன் பக்கத்திலேயே நின்றார். எனக்குப் பொய் வரவில்லை. "டிரில்லு வழுக்கிடுச்சுங்க, மேடம்" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்துக்கொண்டே நோட்டை மூடினார். "சொல்ல மாட்டீங்கன்னு தெரியுமுங்க, தொழில் ரகசியம். பரவாயில்லைங்க, காரணம் தெரியாட்டியும் நாங்க அப்படியே தள்ளிப் போட்டுக்கறோம்."

அவர்கள் வேன் கிளம்பியதும் அண்ணன் என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போனார். டெண்ட் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாராம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அது இன்னா ரகசியம்னு எனக்குக் கூட சொல்லாத, குமரேசா. ஆனா வேற எங்கனா போறேன் கீறேன்னு மட்டும் சொல்லிடாத."

துப்பாக்கிகளைக் காப்பாற்றியது எவனோ ஒருத்தன் யோசித்துப் போட்ட ஓட்டை. என் வேலையைக் காப்பாற்றியது நான் யோசிக்காமல் போட்டது.