மூன்றாம் மாடியில் இன்னொரு தாதர்

நகல் எடுப்பதைச் சட்டம் இன்னும் தாராளமாக அனுமதிக்க வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசுவதுதான் சட்டப் பேராசிரியரான என் பிழைப்பு. வெளியே கைதட்டல், வீட்டில் மௌனம்; உங்கள் கதையும் அதுதானே?

தாராளப் பிரபு

மும்பை மாட்டுங்காவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் கொலுப் போட்டியில் வருஷா வருஷம் மூன்றாம் மாடி லலிதா மாமிக்குத்தான் முதல் பரிசு. இந்தத் தடவை விடுவதில்லை என்று என் மனைவி ஜெயா கதவைச் சாத்திக்கொண்டு, கொலுப் படிக்குப் பக்கத்தில், ஆபீஸ் நேரத்துத் தாதர் ஸ்டேஷனையே பொம்மைகளால் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கறிகாய் வாங்கப் போன சமயம் மாமி வந்தார். போட்டோ எடுத்துக்கலாமா என்று கேட்டார். என்னிடமா இந்தக் கேள்வி! யோசனை யாருக்கும் சொந்தமில்லை என்று ஒரு குட்டிப் பிரசங்கமே செய்து, விளக்கையும் போட்டுக் கொடுத்தேன். மாமி நெகிழ்ந்து போனார்.

"ஒவ்வொரு ஃப்ளாட்லயும் உங்கள மாதிரி ஒரு புரொஃபசர் இருக்கணும்."

சட்டப்படி சரி

நவராத்திரி முதல் நாள் மூன்றாம் மாடியிலும் தாதர். அங்கே லோக்கல் ரயில் மோட்டாரில் ஓடவே செய்தது. ஜெயாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. போட்டோ எடுக்க விட்டவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? யோசனைக்குக் காபிரைட் கிடையாது, செய்த விதத்துக்குத்தான் உண்டு என்று விளக்க ஆரம்பித்தேன்.

"அந்தச் சட்டத்தையே ராத்திரி தட்டுல போட்டுக்கோங்கோ," என்றாள்.

ஃபாத்திமாவின் வாப்பா

மறுநாள் வகுப்பில் பாடத்தோடு பாடமாக இதையும் புலம்பித் தீர்த்தேன். ஃபாத்திமா என்று ஒரு மாணவி. தாராவியில் அவள் அப்பாவுக்குத் தோல் பைப் பட்டறை. அவர் போடும் மாடலெல்லாம் சீக்கிரமே எதிர்க்கடையில் தொங்குமாம், மனுஷர் அலட்டிக்கொள்வதே இல்லையாம்.

"அவன் பாத்துத் தைக்கதுக்குள்ள வாப்பா அடுத்த மாடல் போட்டுருவாவ, சார்."

பிளாட்பாரத்தில் ஒருவர்

இதை ஜெயாவிடம் சொன்னேன். உடனே களிமண்ணும் பெயிண்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நடுவர்கள் வந்த அன்று பார்த்தால் பிளாட்பாரத்தில் புதிதாக ஒரு பொம்மை: வழுக்கை, கண்ணாடி, கறுப்புக் கோட்டு, கையில் மைக். அத்தனை ஜனமும் அதற்கு முதுகைக் காட்டி ரயிலேறிக்கொண்டிருக்க, அது மட்டும் பேசிக்கொண்டே இருந்தது. நடுவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கொஞ்சம் முறைத்தேன், பிறகு எனக்கும் அடக்க முடியவில்லை. முதல் பரிசு ஜெயாவுக்கு! மாமி சளைக்காமல் போனை நீட்டி, இந்தப் பொம்மையையும் ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா என்றார்.

"தாராளமா எடுத்துக்கோங்கோ மாமி," என்றாள் ஜெயா. "ஒரிஜினலை வெச்சுண்டு நான் படற பாட்டை யாராலயும் காப்பியடிக்க முடியாது."

சட்டம் தளர வேண்டும் என்று இன்றும் மேடையில் முழங்கத்தான் செய்கிறேன், வீட்டில் மட்டும் எல்லா உரிமையும் அம்மாளுக்கே.